பசுமைக்குடிலுக்கு டெண்டர் விடுவதற்கு முன்: சென்னைப் பகுதிப் பல்கலைக்கழகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர்களுக்கும் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

சென்னையிலும் அதையொட்டிய திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களிலும் வேளாண் பட்டப்படிப்பு நடத்துகிற, புதிதாகத் தொடங்க நினைக்கிற பல்கலைக்கழகங்களுக்கு இந்த மடலை எழுதுகிறோம். இயற்கை வேளாண்மையையும் பசுமைக்குடில் தோட்டக்கலையையும் கற்பிக்கவும் ஆராயவும் நீங்கள் முன்வருவது நல்ல செய்தி. தமிழ்நாடு அரசே 2023-ல் இயற்கை வேளாண்மைக்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டிருக்கிறது. எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான்: குடிலை முதலில் வாங்காதீர்கள். மனையின் மண்ணையும் தண்ணீரையும் காற்றையும் ஒரு வருடம் அளந்துவிட்டு, அந்தக் கணக்கு எந்தக் குடிலைக் கேட்கிறதோ அதைக் கட்டுங்கள். பாடத்திட்டத்தையும் அந்தக் கணக்கைச் சுற்றியே எழுதுங்கள்.

தமிழ்நாட்டு வேளாண் கல்வியின் வேர் சென்னையில்தான் இருக்கிறது. 1868-ல் சைதாப்பேட்டையில் தொடங்கிய விவசாயப் பள்ளி பிறகு கோவைக்கு மாறி, 1971-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. பள்ளி கோவைக்குப் போனது. சென்னையின் காற்று அதனோடு போகவில்லை. இன்று பசுமைக்குடில் என்றதும் எல்லாரும் காட்டுகிற முன்மாதிரிகள் ஓசூரிலும் நீலகிரியிலும் மேற்கு மாவட்டங்களிலும் இருப்பவை. அவற்றில் குறை ஒன்றுமில்லை. அவற்றை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து கடலிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் நட்டு வைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

இந்த மாதிரித் திட்ட அறிக்கைகளில் தவறாமல் இடம்பிடிப்பது விசிறியும் ஈரத்திரையும் பொருத்திய குளிரூட்டும் குடில். ஒரு சுவரில் அட்டைத் திரை, அதன்மேல் தண்ணீர் வழியும். எதிர்ச்சுவரில் பெரிய விசிறிகள் காற்றை வெளியே இழுக்கும். வெளிக்காற்று ஈரத்திரையைக் கடந்து வரும்போது குளிரும். எவ்வளவு குளிரும் என்பது விசிறியின் குதிரைத்திறனைப் பொறுத்ததில்லை, வெளிக்காற்றில் ஏற்கெனவே இருக்கும் ஈரப்பதத்தைப் பொறுத்தது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் வெப்பம்தான் ஈரக்குமிழ் வெப்பநிலை, சாதாரண வெப்பமானி காட்டுவது உலர்குமிழ். ஈரக்குமிழுக்குக் கீழே காற்று இறங்காது. நல்ல திரைகூட உலர்குமிழுக்கும் ஈரக்குமிழுக்கும் உள்ள வித்தியாசத்தில் சுமார் 80 சதவீதத்தைத்தான் பிடித்துத் தரும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உள்மாவட்டம் ஒன்றில் வறண்ட மதியம்: 36 டிகிரி, 30 சதவீத ஈரப்பதம். ஈரக்குமிழ் 23-ஐ ஒட்டி நிற்கும். வித்தியாசம் 13, அதில் 80 சதவீதம் 10-க்குச் சற்று மேல். திரையைக் கடந்த காற்று 26 டிகிரிக்கு வந்துவிடும். செடிக்குச் சுகம். சென்னையில் கடல்காற்று நுழைந்துவிட்ட மே மாதப் பிற்பகல்: 34 டிகிரி, 70 சதவீதம். ஈரக்குமிழ் 29. வித்தியாசம் வெறும் 5. திரையைக் கடந்த காற்று 30-ல் நுழைந்து, வெயில் காயும் குடிலுக்குள் 30 மீட்டர் நகர்ந்து விசிறியை அடைவதற்குள் மூன்று நான்கு டிகிரி ஏறிவிடும். விசிறிப் பக்கத்துச் செடிக்கு வெளியே நிற்பதும் உள்ளே நிற்பதும் ஒன்றுதான். கரண்ட் பில் மட்டும் தனி.

இரவு இன்னும் மோசம். கோடையில் 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்காத இரவுகள் சென்னைக்குப் புதிதல்ல. அந்த நேரத்து ஈரப்பதத்தில் ஈரத்திரையால் எதுவும் செய்ய முடியாது. தக்காளியும் குடைமிளகாயும் நன்றாகக் காய் பிடிக்க இரவு வெப்பம் 20-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 24-ஐத் தாண்டிக்கொண்டே போனால் மகரந்தம் சரியாக உருவாகாது, பூ கொட்டும். சிவப்பும் மஞ்சளுமாகக் குடைமிளகாய் ஓசூரில் காய்த்துத் தொங்குகிறதென்றால், அந்த ஊர் கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் மேலே இருக்கிறது. அதே விதையைச் சித்திரையில் சென்னையில் நட்டுவிட்டு, பூ உதிர்வதற்கு மருந்து தேடுகிற ஆய்வுத் திட்டம் ஒன்றை மாணவருக்குக் கொடுப்பது நியாயமாகாது.

அப்படியானால் சென்னைக்குப் பசுமைக்குடிலே வேண்டாமா? வேண்டும், வேறு காரணத்துக்காக. சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர்; அதில் சுமார் 60 சதவீதம் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. வெப்பம் தணிந்து காய்கறிக்கு நல்ல காலம் வருகிற அதே நேரத்தில் மழை நாற்றை அழுக்குகிறது, கீரையில் மண்ணை அடிக்கிறது, இலையில் பூஞ்சணத்தைக் கொண்டுவருகிறது. ஆகவே இங்கே குடிலின் முதல் வேலை மழையைத் தடுப்பது. மேலே உறை, பக்கங்களில் வலை மட்டும், உச்சியில் திறப்பு. இதை மழைக்காப்புக் குடில் என்கிறோம். இதில் விசிறி இல்லை, மோட்டார் இல்லை.

இதிலும் நுணுக்கம் உண்டு. கூரை எவ்வளவு உயரமோ அவ்வளவுக்குச் சூடான காற்று தலைக்கு மேலே போய்த் தங்கும். கூரைத் தண்ணீர் வழிந்தோடும் பள்ளமான மழைக்காலுக்குக் கீழே 4 முதல் 4.5 மீட்டர், உச்சி 6 முதல் 6.5 மீட்டர் வையுங்கள். செலவைக் குறைக்க மூன்று மீட்டரில் முடித்த குடில்கள் மதியத்தில் அடுப்படியாகிவிடுகின்றன. உச்சித் திறப்பு, பலத்த காற்று வீசும் திசைக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். எதிர்த்து நின்றால் மழைச்சாரலும் காற்றும் உள்ளே புகுந்து உறையைக் கிளப்பும். உறை 200 மைக்ரான், புறஊதா தாங்கும்படி பதப்படுத்தியது. வலையில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண்) வலை வெள்ளை ஈயைப் பெருமளவு தடுக்கும், இலைப்பேனை விட்டுவிடும். இலைப்பேனையும் விடமாட்டேன் என்று மேலும் நெருக்கமான வலையைக் கட்டினால் காற்றோட்டம் செத்துப்போகும்; பூச்சி குறையும், வெப்பத்தில் பூ உதிரும். இந்தப் பேரத்தை வகுப்பில் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஒரே பயிருக்கு இரண்டு வகை வலை, இரண்டு சிறு குடில், ஒவ்வொன்றிலும் மஞ்சள் ஒட்டுப்பொறியும் நீல ஒட்டுப்பொறியும், நடுவே வெப்பமானி. ஒரு பருவத்தில் மாணவரே தீர்ப்பு எழுதிவிடுவார்.

நிழல்வலையைப் பற்றி ஒரு வரி. பச்சை வலை கண்ணுக்குத்தான் பசுமை. செடிக்கு வேண்டிய சிவப்பு, நீல ஒளியைத்தான் அது அதிகம் தடுக்கிறது. கறுப்பு வலையைக் குடிலுக்குள்ளே கட்டினால் அது வெயிலை விழுங்கி உள்ளேயே வெப்பத்தை விடும். வெள்ளை வலை, அதுவும் உறைக்கு வெளியே.

புயலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2016 டிசம்பர் 12 வர்தாவும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் கொண்டுவந்த வெள்ளமும் இதே மழைக்காப்புப் பருவத்தில்தான் வந்தன. உறையை ஆணியும் பட்டையும் அடித்து நிலையாகப் பொருத்தாமல், அலுமினியப் பள்ளத்தில் வளைகம்பி அழுத்திப் பிடிக்கும் முறையில் பொருத்தச் சொல்லுங்கள். எச்சரிக்கை வந்ததும் 500 சதுர மீட்டர் உறையை நான்கு பேர் அரை நாளில் கழற்றிச் சுருட்ட முடிய வேண்டும். இதை டெண்டரிலேயே நிபந்தனையாக எழுதி, ஒப்படைக்கும் நாளில் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உறை போனால் போகட்டும், ஜிஐ குழாய்ச் சட்டம் நிற்க வேண்டும். அடிக்குழாய் கான்கிரீட்டில் 75 சென்டிமீட்டராவது இறங்கட்டும். ஊறிப்போன களிமண்ணில் ஆழமில்லாத அடித்தளம் குடிலோடு சேர்ந்து பெயர்ந்து வரும். குடிலின் தரையை வெள்ளம் தொட்ட மட்டத்துக்கு மேலே உயர்த்தி, அதன்மேல் 40 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பாத்தி அமையுங்கள்.

இப்போது தண்ணீர். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கமும் தென்சென்னையின் பல இடங்களிலும் போர்த் தண்ணீர் உப்பு. தண்ணீரில் எவ்வளவு உப்பு என்பதை அதன் மின்கடத்துதிறன் காட்டும். வெள்ளரி, பாசன நீரில் அது மீட்டருக்கு 1.7 டெசிசீமன்ஸ் வரை இருந்தால் விளைச்சல் குறையாமல் தாங்கும். பீன்ஸ் அந்த அளவுகூடத் தாங்காது. ஆனால் உங்கள் கூரையே தண்ணீர் தருகிறது. 1,000 சதுர மீட்டர் கூரை, 1,400 மில்லிமீட்டர் மழை, சேதாரம் போக 85 சதவீதம் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 12 லட்சம் லிட்டர். உள்ளே பயிருக்குச் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் வைத்தாலும் ஒரு நாளைக்கு 3,000 லிட்டர்தான் வேண்டும். தமிழ்நாட்டில் 2003-லேயே வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியாயிற்று. பல்கலைக்கழகக் குடிலின் மழைக்கால் நேராகச் சாக்கடையில் போய் விழுவது அழகல்ல. மூன்று மாதத்துக்குள் ஏழு லட்சம் லிட்டர் விழும் என்பதால், தொட்டிக்குப் பதிலாக 500 மைக்ரான் தார்ப்பாய் விரித்த பண்ணைக்குட்டை தோண்டுங்கள். நிழல்வலையால் மூடாவிட்டால் பாசி பிடித்து, சொட்டுநீர் வடிகட்டி தினமும் அடைக்கும்.

கூரை போட்ட மண்ணுக்கு இன்னொரு வினை உண்டு. திறந்த வயலில் உப்பை ஆண்டுக்கொருமுறை வடகிழக்கு மழை கழுவித் தள்ளிவிடும். குடிலுக்குள் மழை விழாது. எருவிலும் தண்ணீரிலும் வந்த உப்பு மேல்மண்ணிலேயே தங்கும். பாத்தி ஓரத்தில் வெள்ளையாகப் பூக்கும்போதுதான் கவனிக்கிறார்கள். நாங்கள் சொல்லும் வழி எளிது. உறையின் ஆயுள் சுமார் மூன்று ஆண்டு. ஆயுள் முடிந்த உறையைப் புரட்டாசியில் கழற்றுங்கள். புதியதைத் தையில் போடுங்கள். இடையில் ஒரு பருவமழை முழுவதும் மண்ணில் இறங்கட்டும். தேங்கும் தண்ணீரிலும் நிற்கக்கூடிய தக்கைப்பூண்டை அப்போது விதைத்தால், 45 முதல் 50 நாளில் மடக்கி உழலாம். மூன்றில் ஒரு மழைக்காலத்துப் பயிர் போகும், மண் தப்பும். அந்த ஆண்டுப் புயல் பயமும் போயிற்று.

பாடத்திட்டத்துக்கு வருவோம். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் ஐந்தாவது டீன்கள் குழு வகுத்து, 2024-25-ல் ஆறாவது குழுவின் பாடத்திட்டம் வரும்வரை நடப்பில் இருந்த வேளாண் பட்டப் பாடத்திட்டத்தில் இயற்கை வேளாண்மைக் கோட்பாடுகள் 2(1+1), குடிலுக்குள் பயிர் வளர்க்கும் பாதுகாக்கப்பட்ட சாகுபடி 2(1+1) என்று இருந்தன. அதாவது ஒவ்வொன்றுக்கும் வாரம் ஒரு மணி வகுப்பு, இரண்டு மணி செய்முறை. நடைமுறையில் இவை இரண்டும் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை. ஒரு வகுப்பில் மாணவர் பஞ்சகவ்யம் கலக்குகிறார். இன்னொரு வகுப்பில் கால்சியம் நைட்ரேட்டைச் சொட்டுநீரில் எவ்வளவு விடுவது என்று கணக்குப் போடுகிறார். குடிலுக்குள் ரசாயன உரமில்லாமல் வெள்ளரி வளர்க்க என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி இரண்டிலும் வராது. உங்களுக்குத் தன்னாட்சி இருக்கிறதென்றால் இந்த இரண்டு பாடத்தையும் ஒரே குடிலில், ஒரே பயிரில், அடுத்தடுத்த இரண்டு செமஸ்டரில் கட்டிப்போடுங்கள்.

அந்தக் கேள்வி ஏன் கடினம் என்பதை ஒரு கணக்கே காட்டும். 1,000 சதுர மீட்டரில் 10 டன் வெள்ளரி எடுக்கப் பயிருக்கு ஏறத்தாழ 20 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) தேவை. ஒரு டன் மண்புழு உரத்தில் 40 சதவீத ஈரம் போனால் 600 கிலோ உலர்பொருள், தழைச்சத்து 1.5 சதவீதம் என்றால் 9 கிலோ. வெள்ளரியின் மூன்று மாதத்துக்குள் அதில் கால்பங்கு விடுபட்டாலே பெரிது: இரண்டே கால் கிலோ. ஆக, 20 கிலோவுக்கு ஒன்பது டன் கொட்ட வேண்டும். கொட்டினால் என்ன ஆகும்? மணிச்சத்து (பாஸ்பரஸ்) 0.8 சதவீதம் என்று வைத்தால்கூட 43 கிலோ மண்ணில் சேரும். பயிர் எடுப்பது அதில் கால்வாசியைத் தாண்டாது. நாலைந்து பயிருக்குள் மணிச்சத்து மலைபோல் குவிந்து, துத்தநாகமும் இரும்பும் செடிக்குக் கிடைக்காமல் இளந்தளிர் வெளுக்கும். அதைப் பார்த்து இன்னும் இரண்டு டன் எரு போடச் சொல்லும் ஆலோசகர்களும் இருக்கிறார்கள்.

தீர்வு, வேலையைப் பிரித்துக்கொடுப்பது. மண்ணின் கட்டமைப்புக்கு மட்டும் இரண்டு மூன்று டன் மட்கு. தழைச்சத்துக்குச் சணப்பு அல்லது தக்கைப்பூண்டு, பூக்கும் தருணத்தில் மடக்கியது. இடையில் தேவைப்பட்டால் 7 சதவீதத் தழைச்சத்துள்ள கடலைப் புண்ணாக்கும் 5 சதவீதத்தை ஒட்டிய வேப்பம்புண்ணாக்கும். பிண்ணாக்கைச் செடியின் தூரில் குவித்தால் புளித்து வேரைச் சுடும். ஒரு சாண் தள்ளிச் சால் இழுத்து மூட வேண்டும். எத்தனை நாளில் எவ்வளவு விடுபடுகிறது என்பதற்குச் சென்னை வெப்பத்தில், சென்னை மண்ணில் எடுத்த எண்கள் தேவை. எருவை நைலான் பையில் கட்டி 10 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்து, பதினைந்து நாளுக்கொரு பையை எடுத்து எஞ்சிய தழைச்சத்தை அளப்பது இளநிலை மாணவர் செய்யக்கூடிய வேலை. பத்துத் தொகுதி மாணவர் செய்தால் அது ஒரு தரவுத்தளம்.

இயற்கை முறைக் குடிலை உண்மையில் மூட வைப்பது வேர்முடிச்சு நூற்புழு. மூன்றாவது நான்காவது பயிரில், தண்ணீரும் எருவும் குறையாமல் இருந்தும் மதியத்தில் செடி வாடி மாலையில் நிமிரும். நோய் மேலே தெரியாது. ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பார்க்க வேண்டும். பயறுவகை வேரில் இருக்கும் நன்மை முடிச்சை நகத்தால் தட்டினால் தனியே உதிரும்; நூற்புழு முடிச்சு வேரே வீங்கியது, உதிராது, கிள்ளினால் வேர்தான் அறும். இந்த ஒன்றை ஒவ்வொரு மாணவரும் கையால் செய்து பார்க்காமல் பட்டம் கொடுக்காதீர்கள்.

இங்கே சென்னையின் வெயில் நம் பக்கம். பயிர் வைக்க லாயக்கில்லாத சித்திரை, வைகாசியில் மண்ணை வெயிலில் வேகவைக்கலாம். பாத்தியைப் பொடியாக்கி, நன்றாக நனைத்து, மறுநாள் 25 முதல் 50 மைக்ரான் தடிமனுள்ள நிறமற்ற பாலித்தீன் தாளை மண்ணோடு ஒட்டி விரித்து, நான்கு ஓரத்தையும் மண்ணில் புதையுங்கள். கறுப்புத் தாள் போட்டால் தாள்தான் சுடும், மண் சுடாது. காய்ந்த மண்ணில் போட்டாலும் பயனில்லை. ஈரம்தான் வெப்பத்தைக் கீழே கொண்டுபோகும். பக்கங்களையும் தாளால் மூடிவிட்டால் இன்னும் நல்லது. நான்கு முதல் ஆறு வாரம். 10 சென்டிமீட்டரிலும் 20 சென்டிமீட்டரிலும் வெப்பமானி செருகித் தினமும் மூன்று மணிக்குக் குறிக்கச் சொல்லுங்கள். மேலே 45-ஐத் தாண்டும், ஆழத்தில் எவ்வளவு என்பதுதான் ஆய்வு. தாளை எடுத்த பிறகு ஆழமாகக் கொத்தினால் வேகாத அடிமண் மேலே வந்து எல்லாம் வீண். நல்ல நுண்ணுயிரும் கூடவே குறைந்திருக்கும் என்பதால் நன்மை செய்யும் பூஞ்சையான டிரைக்கோடெர்மா கலந்து மட்கவைத்த எருவை உடனே இடுங்கள். இடையிடையே செண்டுமல்லி ஒரு பயிர். கத்தரிக்கும் தக்காளிக்கும் சுண்டைக்காய் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டுவது மற்றொரு வழி: நூற்புழுவையும் பாக்டீரிய வாடலையும் அது நன்றாகத் தாங்கும். சுண்டை மெதுவாக முளைப்பதால் இரண்டு மூன்று வாரம் முன்னதாக விதைக்க வேண்டும். ஒட்டுக் கூடுவதற்கு 90 சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதம் ஒரு வாரம் தேவை. அதைச் சென்னை கார்த்திகையில் இலவசமாகத் தருகிறது.

மண்ணைத் தவிர்த்துவிட்டுத் தேங்காய் நார்க்கழிவுப் பையில் வளர்த்தால் நூற்புழுத் தொல்லை இல்லையே என்பார்கள். உண்மை. ஆனால் அதன்மேல் 'ஆர்கானிக்' என்று எழுத முடியுமா என்பது வேறு விஷயம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018/848 ஒழுங்குமுறை, பயிரின் வேர் உயிருள்ள நிலத்து மண்ணில் இருக்க வேண்டும் என்கிறது. அமெரிக்கா மண்ணில்லா முறைக்கும் சான்று கொடுத்து, அதன்மேல் வழக்கும் நடந்தது. இங்கே சென்னைக் கடைகளில் ரசாயன உரக்கரைசலில் வளர்ந்த லெட்யூஸ், 'மருந்தடிக்காதது' என்ற ஒரே காரணத்தால் ஆர்கானிக் என்ற பெயரில் போகிறது. 2017-ல் வந்த இயற்கை உணவு ஒழுங்குமுறைப்படி அந்தப் பெயரைப் போட, தேசிய இயற்கை உற்பத்தித் திட்டமான என்.பி.ஓ.பி.யின் சான்றோ, உழவர் குழுக்களே ஒருவரையொருவர் சரிபார்த்துத் தரும் பி.ஜி.எஸ். சான்றோ வேண்டும். மண்ணில்லா நீர்வளர்ப்பைக் கற்றுக்கொடுங்கள், அது நல்ல தொழில். அதை இயற்கை வேளாண்மைத் துறையின் கண்காட்சி அரங்கில் வைக்காதீர்கள்.

நார்க்கழிவை மட்கவைக்கும் பாடத்திலும் இதே கவனம் வேண்டும். வழக்கமாகச் சொல்லித்தரும் முறையில் ஒரு டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியா. யூரியா விழுந்த மட்கு இயற்கைச் சான்றுக்கு ஆகாது. யூரியாவுக்குப் பதில் கோழிஎரு போடலாம் என்றால், கூண்டுக் கோழிப் பண்ணை எருவைச் சான்றளிப்பவர் எளிதில் ஏற்கமாட்டார். பிண்ணாக்கோ, புதிய சாணமோ, பயறுவகைத் தழையோ போட்டுக் கரிம-தழைச்சத்து விகிதத்தை 30-க்கு 1 அளவில் கொண்டுவரக் கற்றுக்கொடுங்கள். கோயம்பேட்டுக் காய்கறிக் கழிவு மலிவாகக் கிடைக்கும்தான். பொறுக்கியெடுக்காத நகரக் கழிவாக இருந்தால் மட்கில் ஈயம் கிலோவுக்கு 100 மில்லிகிராமும் காட்மியம் 5 மில்லிகிராமும் தாண்டுகிறதா என்று பார்த்த பிறகே குடிலுக்குள் விடுங்கள். உரக் கட்டுப்பாட்டு ஆணை வைத்துள்ள வரம்பு அது.

இடுபொருள்களைப் பற்றிப் பேசும்போது இரண்டு அணிகள் எழுந்து நிற்கும். ஒன்று பஞ்சகவ்யத்தை வணங்கும், மற்றது சிரிக்கும். பல்கலைக்கழகத்தின் வேலை இரண்டுமில்லை. 3 சதவீதம் தெளிப்பது பரிந்துரை. அதாவது 100 லிட்டருக்கு 3 லிட்டர். சோதனையில் எதனோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. எதுவும் தெளிக்காத பாத்தியோடு மட்டும் ஒப்பிட்டால், கிடைத்த பலன் பஞ்சகவ்யத்தாலா, வெறும் தண்ணீரின் குளிர்ச்சியாலா, அதிலுள்ள சிறிது தழைச்சத்தாலா என்று தெரியாது. வெறும் தண்ணீர் தெளித்த பாத்தி ஒன்று, அதே சத்தளவு கரைத்துத் தெளித்தது ஒன்று, கொதிக்கவைத்து ஆறிய பஞ்சகவ்யம் ஒன்று என்று மூன்று ஒப்பீடாவது வேண்டும். ஒவ்வொரு முறை தயாரித்ததற்கும் கார அமில நிலை, மின்கடத்துதிறன், தழைச்சத்து எழுதிவையுங்கள். ஒரு பீப்பாய்க்கும் அடுத்ததற்கும் ஒட்டே இருக்காது. பச்சையாகத் தின்னும் கீரை, வெள்ளரியில் சாணக் கரைசல் தெளித்தால் குடல் பாக்டீரியாவான இ.கோலை இருக்கிறதா என்ற சோதனை கட்டாயம். அமெரிக்க இயற்கை வேளாண் விதி, மண்ணைத் தொடும் விளைபொருளுக்குப் பச்சைச் சாணம் இட்டதற்கும் அறுவடைக்கும் இடையே 120 நாள் கேட்கிறது. நம் கீரை 25 நாளில் கட்டாகிவிடும்.

கடையில் வாங்கும் உயிர் உரம், உயிர்ப் பூஞ்சாணக்கொல்லியைப் பாக்கெட்டை நம்பிப் போடாமல், படிப்படியாகத் தண்ணீரில் நீர்க்கச்செய்து, தட்டில் வளர்த்து, உயிரோடு இருப்பதை எண்ணச் சொல்லுங்கள். டிரைக்கோடெர்மா கிராமுக்கு 20 லட்சமாவது இருக்க வேண்டும். வெயிலில் அடுக்கிவைத்த பாக்கெட்டில் எத்தனை மிஞ்சுகிறது என்பது சென்னை உழவர் ஒவ்வொருவருக்கும் பயன்படும் ஆய்வு. வேப்பங்கொட்டைச் சாறும் அப்படித்தான்: 5 கிலோ பருப்பை இடித்து 10 லிட்டரில் இரவு முழுக்க ஊறவைத்து, இரட்டைத் துணியில் வடிகட்டி 100 லிட்டராக்கி, காதி சோப்பு 200 கிராம் சேர்த்து மாலையில் அடிக்க வேண்டும். காலையில் அடித்தால் வேம்பில் பூச்சியைக் கட்டுப்படுத்தும் பொருளான அசாடிராக்டினை வெயில் சிதைத்துவிடும். பழைய, பூஞ்சணம் பிடித்த கொட்டையில் சாறு கசக்கும், பூச்சி சாகாது.

சாணமும் கோமியமும் வெல்லமும் கலந்து புளிக்கவைத்த ஜீவாமிர்தத்தைச் சொட்டுநீரில் விடுகிறவர்கள் அடைப்பைச் சபிப்பது வழக்கம். மணிக்கு 2 லிட்டர் தரும் சொட்டுவான் பத்து நிமிடத்தில் 333 மில்லி தர வேண்டும். பதினாறு சொட்டுவானின் கீழே டம்ளர் வைத்து அளந்து, குறைவாகத் தந்த நான்கின் சராசரியை மொத்தச் சராசரியால் வகுங்கள், 0.9-க்குக் கீழே வந்தால் பக்கக் குழாயின் முனையைத் திறந்துவிட்டுக் கழுவ வேண்டும். இதற்கு ஒரு மணி நேரமும் பதினாறு டம்ளரும் போதும்.

ஆய்வு வடிவமைப்பில் ஒரு தவறு திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு குடிலில் இயற்கை முறை, பக்கத்துக் குடிலில் ரசாயன முறை, ஒவ்வொன்றிலும் இருபது பாத்தி. 'இருபது மறுசெய்கை' என்று ஆய்வேட்டில் எழுதிவிடுகிறார்கள். அது ஒரு மறுசெய்கை. குடிலுக்குக் குடில் உள்ள வித்தியாசமும் முறைக்கு முறை உள்ள வித்தியாசமும் அங்கே பிரிக்க முடியாதபடி கலந்துவிட்டன. முழுக் குடிலை ஒப்பிட வேண்டுமானால், பெரிய குடில் ஒன்றுக்குப் பதிலாகத் தலா 100 சதுர மீட்டரில் எட்டுச் சிறு குடில் கட்டுங்கள். திறப்பு விழாப் புகைப்படத்துக்கு அது அவ்வளவு எடுப்பாக இருக்காது. ஆய்விதழின் மதிப்பீட்டாளர் முன் நிற்கும். ஒரே குடிலுக்குள் பாத்திகளை ஒப்பிட்டால், வெப்பம் மாறும் திசைக்குக் குறுக்கே தொகுதிகளைப் பிரித்து, ஓர வரிசைகளைக் கணக்கில் சேர்க்காமல் விடுங்கள்.

காலமும் பிரச்சினை. என்.பி.ஓ.பி. விதியில் ஆண்டுப் பயிருக்கு மாற்றக் காலம் இரண்டு ஆண்டு, பல்லாண்டுப் பயிருக்கு மூன்று. முனைவர் பட்டம் மூன்று ஆண்டு. மாற்றக் காலத்து மண்ணில் விளைச்சல் எடுத்து, இயற்கை முறையில் விளைச்சல் குறைவு என்று ஆய்வேடு முடிந்துவிடுகிறது. கோவையில் நிரந்தர எருவிடல் சோதனை 1909-ல் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இயற்கை, வழக்கமுறை ஒப்பீடு 1978 முதல் நடக்கிறது. வெப்பமண்டலக் கடற்கரையில், கூரைக்குக் கீழே, மண்ணில் நடக்கும் இப்படியொரு நெடுங்காலச் சோதனையைச் சென்னை தொடங்கலாம். அதற்கு 2,000 சதுர மீட்டரும், துணைவேந்தர் மாறினாலும் மாற்ற முடியாத ஒரு கல்விக்குழுத் தீர்மானமும் வேண்டும். அந்த மனையை முதல் நாளே, இயற்கை வேளாண்மைக்குச் சான்று தரும் அங்ககச்சான்றுத் துறையில் பதிவு செய்துவிடுங்கள். ரசாயன ஒப்பீட்டுப் பாத்தி அதற்கு வெளியே, தனித் தண்ணீர்க் குழாயோடு இருக்கட்டும்.

இனி நாட்காட்டி. செமஸ்டர் ஜூலையில் தொடங்கி நவம்பரில் முடிகிறது. மழைக்காப்புக் குடிலின் சிறந்த பயிர் நவம்பரில்தான் பாதி வளர்ந்து நிற்கும். தேர்வு விடுமுறையில் தண்ணீர் விட ஆளில்லாமல் காய்ந்த பயிரை எத்தனையோ வளாகங்களில் பார்க்கலாம். செய்முறை மதிப்பெண்ணைச் செமஸ்டரிலிருந்து பிரித்து ஆடி முதல் தை வரை ஒரே பதிவேட்டுக்குக் கொடுங்கள்: விதைத்த தேதி, முளைப்பு சதவீதம், நாள்தோறும் வெப்பமும் ஈரப்பதமும், தண்ணீர் லிட்டரில், இட்ட எரு கிலோவில், பறித்தது கிலோவில், கழிந்தது கிலோவில், செலவு ரூபாயில். பொங்கலுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் சம்பளத்தோடு இரண்டு பண்ணைத் தொழிலாளர் பணியிடம் ஒதுக்காத பல்கலைக்கழகம் பேராசிரியர் பணியிடம் ஒதுக்கிப் பயனில்லை.

பயிர்த் தேர்வில் நீண்ட விவாதம் வேண்டாம். மகரந்தச் சேர்க்கை தேவைப்படாத வெள்ளரி, கீரை வகைகள், குழித்தட்டு நாற்று: இந்த மூன்றும் முதல் மூன்று ஆண்டுக்குப் போதும். மற்றவற்றைப் பதிவேடு கேட்கும்போது சேர்க்கலாம்.

முதல் ஆண்டுக்குத் தேவையானவை மிகக் குறைவு. வெயில் நேரே படாமல் வெள்ளைக் கூண்டில் வைத்த மூன்று வெப்ப, ஈரப்பதப் பதிவுக்கருவிகள், பயிர் உயரத்தில், பத்து நிமிடத்துக்கொரு பதிவு. வெயிலில் தொங்கவிட்ட கருவி ஐந்து டிகிரி கூட்டிக் காட்டும், அதை நம்பி விசிறி வாங்கிவிடுவீர்கள். மனையில் பத்து இடத்தில் 15 சென்டிமீட்டர் ஆழ மண், போர்த் தண்ணீர் கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை. மூங்கில் சட்டத்தில் 50 சதுர மீட்டர் மழைக்காப்பு ஒன்று. வரும் சித்திரையில் தொடங்கினால் அடுத்த பங்குனிக்குள் ஒரு வருடத் தரவு கையில் இருக்கும். டெண்டர் ஆவணத்தில் சேர்க்க வேண்டிய நிபந்தனைகளை எழுதித் தரவும், பதிவேட்டின் மாதிரிப் படிவத்தைத் தரவும் தயாராக இருக்கிறோம். பாடத்திட்டக் குழுக் கூட்டத்துக்கு அழைத்தால் வருகிறோம். கூட்டத்தை மனையிலேயே, மதியம் இரண்டு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சென்னை, திருவள்ளூர், செங்கல்பட்டுப் பகுதிகளில்
இயற்கை வேளாண்மையும் பாதுகாக்கப்பட்ட சாகுபடியும்
கற்பிப்போர், செய்வோர் சிலர்